மானாவா, இலுக்கா? மலையகப் புற்களை அடையாளம் காண்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒற்றை இலையை ஒடித்து வந்து நீட்டி, “இது என்ன பில்லு?” என்று கேட்பவர்களுக்கு உடனே பதில் சொல்ல முடிவதில்லை. எங்கே நின்றது, எத்தனை அடி உயரத்தில், மலையின் எந்தப் பக்கம், பக்கத்தில் வேறு என்ன நின்றது, கதிர் இருந்ததா என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. அப்படிக் கேட்டும் பதில் சொல்லியும் சேர்ந்த கேள்விகள்தான் இவை. பெரும்பாலானவை மானாவைச் சுற்றியே வந்தன. இலங்கை மலையகத்தின் கிழக்கே, ஊவாப் பக்கம் ரோட்டோரத்திலிருந்து மலையுச்சி வரை கண்ணில் படுவது அதுதான்.

மானாப் புல் என்று எதைச் சொல்கிறோம்?

கொத்தாக, ஒரே அடியிலிருந்து நூற்றுக்கணக்கான தண்டுகள் எழும்பி, ஆள் உயரத்துக்கும் மேலே போகிற புல். நீண்ட இலைகள் பாதிக்கு மேல் வளைந்து தொங்கும். கசக்கினால் வாசம் வரும். சிங்களத்திலும் மானா என்றுதான் பெயர்.

தாவரவியலில் இது சிம்போபோகன் நார்டஸ். லின்னேயஸ் 1753இல் ஆண்ட்ரோபோகன் நார்டஸ் என்று பெயரிட்டார். பின்னால் வந்தவர்கள் சிம்போபோகன் சாதிக்குள் மாற்றினார்கள். சாதி என்பது நெருங்கிய இனங்கள் சேர்ந்த கூட்டம். நம் மலைகளில் தானாக வளரும் காட்டு வகையைக் கொன்பெர்ட்டிபுளோரஸ் என்று பிரித்துச் சொல்வார்கள். பழைய தோட்டப் புத்தகங்களில் இந்தப் பெயரே தனி இனம்போல எழுதப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றையே குறிக்கின்றன, குழம்ப வேண்டாம்.

இது பல்லாண்டுப் புல். மேலே எரிந்தாலும் வெட்டினாலும் அடிக்கொத்து உயிரோடிருக்கும். ஒரு வருடத்தில் முளைத்து, விதைத்து, காய்ந்து போகிற புல்லோடு இதைச் சேர்க்கக் கூடாது.

நிற்பது மானாதான் என்று உறுதியாக எப்படிச் சொல்வது?

நான் பார்க்கிற வரிசையைச் சொல்கிறேன். இதே வரிசையில்தான் பார்க்க வேண்டும் என்றில்லை.

முதலில் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். நுளம்புக்குப் பூசும் சிற்றனெல்லா எண்ணெயின் சாயல் மூக்கில் ஏறினால் சிம்போபோகன் சாதி என்று வைத்துக்கொள்ளலாம். வாசம் செடிக்குச் செடி கூடும் குறையும். மழை நாளில் நனைந்த இலையில் மங்கிவிடும், காய்ந்த இலையில் ஏறக்குறைய இருக்காது. ஆகவே வாசம் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மானா இல்லை என்று தள்ளிவிடாதீர்கள்.

அடுத்தது அடிப்பகுதி. பெரும்பாலானவர்கள் பார்க்காமல் விடும் இடம் இதுதான். கொத்தின் அடியில் தண்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் இலையுறை ஒன்றை மெல்லப் பிரித்து உள்பக்கத்தைப் பாருங்கள். மானாவில் அது சிவந்திருக்கும்; சிலவற்றில் கருஞ்சிவப்பாகவே இருக்கும். தேநீருக்குப் போடும் எலுமிச்சைப் புல்லில் அதே இடம் வெளிறிய பச்சையாகவோ வெள்ளையாகவோ இருக்கும். கதிர் இல்லாத காலத்தில் எனக்கு அதிகம் உதவுவது இந்தச் சிவப்புத்தான்.

மூன்றாவது கதிர். பெரிய, கிளைத்த பூந்துணர் இலைகளுக்கு மேலே நீண்டு நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் செம்பழுப்பாகத் தெரியும். கிட்டப் போய் ஒரு சிறு கிளையைக் கையில் எடுத்தால், ஒவ்வொரு நுனியிலும் படகு வடிவில் ஒரு சிறு மடல் இருக்கும். அந்த மடலுக்குள்ளிருந்து இரண்டு குட்டைக் கதிர்கள் சோடியாக வெளிவரும். அந்தக் கதிர்களிலும் சிறுகதிர்கள் சோடி சோடியாகவே இருக்கும். ஒன்று காம்பில்லாமல் ஒட்டியிருக்கும், மற்றது காம்போடு நிற்கும். விதை தருவது காம்பில்லாதது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்று இருந்தால் இதெல்லாம் தெளிவாகத் தெரியும். தொலைபேசிக் கமராவின் கிட்டப் படமும் ஓரளவுக்குப் போதும்.

மடலும் சோடிக் கதிரும் சிம்போபோகன் சாதிக்கே பொது. சாதி உறுதியானதும் சிவந்த உறை, தொங்கும் இலை, நிற்கும் இடம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மலையகத்தில் மானா என்று சொல்லப் பயப்பட வேண்டியதில்லை.

“சேர், எங்கள் லயத்துக்குப் பின்னால் இருப்பது மானாவா இலுக்கா? அம்மா ஒன்று சொல்கிறார், மாமா ஒன்று சொல்கிறார்.”

மண்ணைக் கிளறிப் பார்த்தால் சண்டை தீரும். இலுக்கு கொத்தாக வளராது. வெள்ளையான, கணுக்கணுவான வேர்த்தண்டுக்கிழங்கு மண்ணுக்குள் ஓடி, அங்கங்கே தனித்தனியாக இலைகளை மேலே அனுப்பும். அதன் நுனி காலைக் குத்துகிற அளவுக்குக் கூர்மையாக இருக்கும். மண்வெட்டியால் நூறு துண்டாக்கினாலும் ஒவ்வொரு துண்டும் முளைக்கும். தோட்டத்தில் புல்லு வெட்டியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

இலையிலும் ஓர் அடையாளம் உண்டு. இலுக்கின் நடு நரம்பு சரியாக நடுவில் இராது, சற்று ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். கதிர் வெள்ளைப் பஞ்சு. எரிந்த நிலத்தில் சில வாரங்களில் வெள்ளை வெளேரென்று பூத்திருப்பதைப் பார்த்தால் அது இலுக்கு, யோசிக்கவே வேண்டாம். வாசம் கிடையாது. தாவரவியல் பெயர் இம்பரேட்டா சிலிண்டிரிக்கா. கோயில் காரியங்களுக்குத் தர்ப்பையாகப் பல இடங்களில் எடுப்பதும் இதைத்தான்.

இரண்டும் அடுத்தடுத்து நிற்கும் இடங்கள் ஏராளம். அம்மாவும் மாமாவும் ஆளுக்கொரு பக்கத்தைக் காட்டியிருக்கலாம்.

தோட்டத்தில் நட்டிருக்கும் உயரமான புல்லும் மானாவா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் மறு நடுகைக்கு முன்பு வளர்ப்பது பெரும்பாலும் குவாத்தமாலா புல் அல்லது மானா. குவாத்தமாலாவின் இலை மானாவைவிட நன்றாக அகலம், தண்டு தடிப்பம், வாசம் இல்லை. நடு அமெரிக்காவிலிருந்து வந்த டிரிப்சாக்கம் சாதிப் புல் அது. இங்கே அது பூப்பதே அரிது. தண்டை வெட்டித்தான் நடுகிறார்கள். மானாவைக் கொத்தாகப் பிரித்து நடுவார்கள்.

மாட்டுக்கு வெட்டிப் போடும் கினிப் புல் வேறு. அதுவும் கொத்தாகத்தான் வளரும், ஆளுயரம் போகும், தூரத்தில் மானா என்று ஏமாற்றும். கதிரைப் பார்த்தால் போதும்: அடிக் கிளைகள் ஒரே கணுவிலிருந்து வட்டமாகப் பிரியும், சிறுகதிர்கள் மணி மணியாகத் தனித்துத் தொங்கும், மடல் இராது. இந்தியாவிலிருந்து வந்த சீஓ-3 என்பது நேப்பியர் கலப்பினம். கரும்பைப் போன்ற தண்டும் பூனைவால் கதிரும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

எலுமிச்சைப் புல், சிற்றனெல்லா, மானா மூன்றும் ஒன்றா?

மூன்றும் ஒரே சாதி, ஒன்றல்ல. எலுமிச்சைப் புல் சிம்போபோகன் சிட்ரேட்டஸ். அதன் தண்டடி வெங்காயம்போல் சற்றுப் பருத்து வெளிறியிருக்கும், வாசம் சுத்தமான எலுமிச்சை. காட்டில் தானாக வளராது, யாரோ நட்டிருப்பார்கள். பூப்பதும் மிக அரிது.

சிற்றனெல்லா எண்ணெய்க்காகத் தென் மாகாணத்தில், மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கங்களில் பயிரிட்டது மானாவின் நெருங்கிய சொந்தம். அங்கே லெனபட்டு, மஹபெங்கிரி என்று இரண்டு பயிர்வகைகள் சொல்லப்படும். லெனபட்டு நமது மானாவின் இனத்தையே சேர்ந்தது. மஹபெங்கிரி வேறு இனம், சிம்போபோகன் விண்டெரியானஸ். ஜாவா சிற்றனெல்லா என்று உலகச் சந்தையில் விற்பது அதன் எண்ணெயைத்தான். காட்டு மானாவை வடித்து அதே தரத்தில் எண்ணெய் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் காசு போடுமுன் யோசியுங்கள்.

தேநீருக்கு மானா இலையைப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். எலுமிச்சைப் புல் வீட்டு முற்றத்திலேயே வளரும்போது இது எதற்கு?

வெட்டிவேர்?

இலையில் வாசம் இல்லை, வேரில்தான். அடிப்பகுதி விசிறிபோல் தட்டையாக அடுக்கியிருக்கும். தோட்டங்களில் கான் (வடிகால்) ஓரத்திலும் மண்சரிவுக்குப் பயந்த இடங்களிலும் நட்டிருப்பார்கள். கிளறாமல் விடுங்கள், அது அங்கே நிற்பதற்குக் காரணம் இருக்கிறது.

நான் பார்ப்பது புல்தானா, கோரையா?

தண்டை இரு விரலுக்கிடையே உருட்டிப் பாருங்கள். முக்கோணமாகத் தடுக்கினால் கோரை. உருண்டு, கணுக்களும் இருந்து, இலைகள் இரண்டு வரிசையில் மட்டும் மாறி மாறி வந்தால் புல். மேட்டுநிலப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கும் இடத்தில் கணுவே இல்லாமல் உருண்டு நிற்கும் தண்டுகள் இரண்டிலும் சேராத ஜங்கஸ்.

மானா எந்த மாதிரி இடத்தில் வளரும்? பத்தனை என்கிறார்களே, அது என்ன?

மலைநாட்டில் காடில்லாமல் புல்லாய்க் கிடக்கும் வெளிக்குச் சிங்களத்தில் பத்தன என்று பெயர். தலவாக்கலைக்குப் பக்கத்தில் பத்தனை என்ற ஊரே இருக்கிறது. ஆய்வாளர்கள் இந்தப் புல்வெளிகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள்: உலர் பத்தனை, ஈரப் பத்தனை. மானாவின் வீடு உலர் பத்தனை.

உலர் பத்தனை ஏறத்தாழ 5,000 அடிக்குக் கீழே, மத்திய மலைகளின் கிழக்குச் சரிவில், ஊவாவில் பரந்து கிடக்கிறது. பதுளை, பண்டாரவளை, வெலிமடை, எல்ல, தியத்தலாவை எல்லாம் இதற்குள் வருகிற ஊர்கள். ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அட்டனிலும் நுவரெலியாவிலும் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாவுக்கு இறங்கும்போது காய்ந்த காற்றாக வருகிறது. ஊவாத் தேயிலைக்குப் பேர்போன அந்த மணம் இந்தக் காய்ச்சலில்தான் வருகிறது. மானா பழுப்பதும் அந்த மாதங்களில்தான். ஒக்டோபருக்குப் பிறகு இடைப்பருவ மழையும் வடகீழ்ப் பருவமழையும் வந்தால் மறுபடி பச்சை பிடிக்கும்.

மண் பெரும்பாலும் சிவந்த, கல் கலந்த, சரிவில் மெலிந்துபோன மண். மானாவோடு தெமேடா ட்ரெமுலா என்ற இன்னொரு கொத்துப் புல்லும் சேர்ந்து நிற்கும். அதன் கதிர் தலைகுனிந்து தொங்கும். இலையைக் கசக்கினால் வாசம் வராது. இன்னும் கீழே பிபிலைப் பக்கம் போனால் இதே புல்லுக்குள் நெல்லி, கடுக்காய், தான்றி மரங்கள் ஆங்காங்கே நிற்கும். நாட்டு வைத்தியர்களின் சரக்கு அங்கிருந்து வந்தது சும்மா இல்லை.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது பதுளை ரயிலின் பாதைதான். நானுஓயாவிலிருந்து ஏறுங்கள். பட்டிப்பொல இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம், 6,226 அடி. அங்கே புல் குட்டையாக, அடர்த்தியாக, பனியில் நனைந்து கிடக்கும். சுரங்கத்தைத் தாண்டி ஒஹிய வந்தால் மலையின் அடுத்த பக்கம். இதல்கஸ்ஹின்னவில் இரு பக்கமும் பள்ளம் தெரியும். ஹப்புத்தளை, தியத்தலாவை என்று இறங்க இறங்க புல்லின் உயரம் கூடும், நிறம் மாறும், 4,000 அடியைத் தொடும் பண்டாரவளையில் மானாவின் செம்பழுப்புக் கதிர்கள் வந்துவிடும். மழை நிழலையும் உயரத்தையும் படத்தில் படிப்பதைவிட இந்தப் பயணத்தில் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். ஜன்னல் பக்கம் இடம் பிடிப்பது உங்கள் சாமர்த்தியம்.

ஹோட்டன் சமவெளியில் இருக்கும் புல்லும் மானாதானே?

இல்லை. அதிகம் நடக்கும் குழப்பம் இது.

ஹோட்டன் சமவெளி கிட்டத்தட்ட 7,000 அடியில் இருக்கிறது. அது ஈரப் பத்தனை. அங்கே முதன்மையான புல் கிரைசோபோகன் நொடுலிபார்பிஸ், பழைய பெயர் கிரைசோபோகன் சேலானிக்கஸ். வெட்டிவேரின் சாதிதான் இதுவும். இலை ஒடுக்கம், விறைப்பு. கொத்து முழங்காலளவில் நிற்கும். இலையை என்ன கசக்கினாலும் சிற்றனெல்லா வாசம் வராது. இதனோடு அருண்டினெல்லா போன்ற வேறு புற்களும் கலந்திருக்கும். மண் கறுப்பு, புளிப்பு, பஞ்சுபோல் தண்ணீரை வைத்திருக்கும். மகாவலி, களனி, வளவை மூன்று ஆற்றுக்கும் தண்ணீர் போவது இந்தப் பக்கத்திலிருந்துதான்.

ஓடை ஓரங்களில் இடுப்பளவில் அடர்ந்து நிற்கும் குட்டை மூங்கிலைப் பார்த்துப் புதர் என்று நினைக்கிறார்கள். மூங்கிலும் புல் குடும்பம்தான், பல்லாண்டுப் புல்தான். குருணா டென்சிபோலியா என்று இப்போது பெயர், முன்பு அருண்டினாரியா. புல்வெளி நடுவே சிவப்புப் பூவோடு தனித்து நிற்கும் முறுக்கிய மரம் ரோடோடென்ட்ரான்.

ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் துகள் உறைபனி விழும்போது புல் நுனி வெள்ளையாகும். காட்டு மரக்கன்றுகள் வெளியில் தலையெடுக்காததற்கு இந்த உறைபனியும் ஒரு காரணம். மரைகள் மேய்வது இன்னொன்று.

அங்கே ஒரு புதுப் புல்லைப் பார்த்தால், அது எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். கிழக்கு ஆபிரிக்காவின் கிக்குயு புல் பாய் விரித்தாற்போல் தரையை மூடி வளரும், அது மேய்ச்சலுக்குக் கொண்டுவரப்பட்டது. மஞ்சள் பூவும் முள்ளுமாய் நிற்கும் யூலெக்ஸ் புல் அல்ல, ஐரோப்பியப் புதர், புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது.

பத்தனைகள் காட்டை வெட்டியதால் உண்டானவையா, இயற்கையாகவே இருந்தவையா?

நூறு வருடத்துக்கு மேற்பட்ட சண்டை இது. தாவரவியலாளர் பியர்சன் 1899இல் பத்தனைகளின் தாவரங்களைப் பற்றி எழுதிய காலத்திலிருந்தே, காலநிலையா, தீயா, மனிதன் சேனைக்கு (காட்டை வெட்டி எரித்துச் செய்யும் பயிருக்கு) வெட்டியதா என்ற கேள்வி ஓயவில்லை.

என் கருத்து: இரண்டு பத்தனைக்கும் ஒரே பதில் சொல்லப் பார்ப்பதுதான் சிக்கல். ஹோட்டன் சமவெளியின் சதுப்பு மண்ணிலிருந்து எடுத்த மகரந்தங்களை ஆராய்ந்தவர்கள் 20,000 ஆண்டுகளுக்கும் மேலான தாவர வரலாற்றை வாசித்திருக்கிறார்கள். காலநிலை மாற மாறக் காடும் புல்லும் ஏறி இறங்கியிருக்கின்றன. தேயிலைக்கும் கோப்பிக்கும் வெகு முன்பே புல் அங்கே இருந்தது. ஊவாவின் உலர் பத்தனையில் தீயின் கை அதிகம். ஓடைப் பள்ளங்களில் தீ எட்டாத இடத்தில் காட்டுத் துண்டுகள் நிற்பதும், அவற்றின் ஓரம் கத்தியால் வெட்டினாற்போல் புல்லில் முடிவதும், எரிப்பு அந்த எல்லையைக் காத்துவருகிறது என்பதையே காட்டுகின்றன. மெலிந்த மண்ணும் நீண்ட வரட்சியும் தீக்குத் துணை போகின்றன.

நக்கிள்ஸ் மலைத்தொடரில் பிட்டவல பத்தனை இன்னொரு மாதிரி. பாறைமேல் மிக மெல்லிய மண், அதன்மேல் புல். அங்கே மரம் ஏன் இல்லை என்று கேட்பவர், வேர் எங்கே இறங்கும் என்று ஒருமுறை தரையைத் தட்டிப் பார்க்கட்டும்.

‘வெறும் புல்தானே’ என்று மரம் நடும் பழக்கமும் நமக்கு உண்டு. 1970களிலும் 80களிலும் பத்தனைகளில் பெருமளவு பைன் நட்டார்கள். இன்று பைன் தோப்புக்குள் போனால் காய்ந்த ஊசியிலை மெத்தைதான் இருக்கிறது, அதுவும் நெருப்புக்கு நல்ல விருந்து. பத்தனையைத் தரிசு நிலமாகப் பார்ப்பதை நான் ஏற்பதில்லை.

வருடா வருடம் எரிக்கிறார்களே, மானா சாகாதா?

சாகாது, அதுதான் பிரச்சினையும். மானாவின் வளர்முனைகள் தரைமட்டத்தில், பழைய உறைகளின் காப்புக்குள் இருக்கின்றன. மேலே எல்லாம் சாம்பலானாலும் சில வாரங்களில் இளந்தளிர் வந்துவிடும். முற்றிய மானாவை மாடு தொடாது; இலை சொரசொரப்பு, எண்ணெய் வேறு. தளிரைத் தின்னும். ஆகவே மாட்டுக்காக எரிக்கிறார்கள், வேட்டைக்காக எரிக்கிறார்கள், சில வேளை சும்மா எரிக்கிறார்கள். ஓகஸ்ட் காற்றில் அந்தத் தீ எந்தத் தோட்டத்துக்குப் போகும் என்று எரித்தவனுக்கே தெரியாது.

எரிந்த சரிவில் மண்ணைப் பிடிக்க இலை இல்லை. அடுத்து வருவது ஒக்டோபர் மழை. மேல்மண் ஓடைக்குப் போகிறது. வருடம் தவறாமல் எரிகிற இடத்தில் கொத்துகளுக்கிடையே வெற்று மண்ணும் கல்லும் கூடுவதைப் பார்க்கலாம். ஒரு பத்தனை எத்தனை தடவை எரிந்திருக்கிறது என்று ஊகிக்க நான் முதலில் அந்த இடைவெளியைத்தான் பார்ப்பேன்.

தேயிலை மலையில் மானாவை ஏன் வேண்டுமென்றே நடுகிறார்கள்?

பல தசாப்தம் தேயிலை நின்ற மண் களைத்துப் போயிருக்கும். உடனே புதுக் கன்று வைத்தால் பிடிக்காது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகம், தலவாக்கலை சென் கூம்ஸில் இருப்பது, பழைய தேயிலையைப் பிடுங்கிய பின் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் குவாத்தமாலா அல்லது மானா வளர்த்து மண்ணைத் தேற்றச் சொல்கிறது. அடர்ந்த நார்வேர் மண்ணைக் கட்டுகிறது, அவ்வப்போது வெட்டிப் பரப்பும் இலை உக்கி மண்ணில் சேர்கிறது, தேயிலை வேரைத் தாக்கும் நூற்புழுக்களின் தொல்லையும் குறைகிறது. தவறணையில் (நாற்றுமேடையில்) வளர்த்த தேயிலைக் கன்று அதற்குப் பிறகுதான் குழிக்குப் போகும்.

நடுகையில் மானா நல்லது, கொழுந்து மலைக்குள் தானாக வந்தால் களை. அதே கங்காணிதான் ஒரு மலையில் நடச் சொல்வார், அடுத்த மலையில் பிடுங்கச் சொல்வார். இரண்டும் சரிதான்.

முன்பு மாட்டுக் கொட்டிலுக்கும் சிறு குடில்களுக்கும் கூரை வேய்ந்ததும் மானாவால்தான். தகரம் வந்தபின் குறைந்துவிட்டது. மாட்டுக்கு அடியில் போட்டு, பிறகு எருவாக்கித் தோட்டத்தில் போடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மானாக் காட்டுக்குள் இறங்கிப் பார்க்கலாமா?

தனியாக வேண்டாம். குளவிக் கூடு கொத்துக்குள் இருந்தால் மிதிக்கும்வரை தெரியாது. கொழுந்து பறிப்பவர்கள் குளவிக் கொட்டால் ஆஸ்பத்திரி போவதும் உயிரை இழப்பதும் மலையகத்தில் புதுச் செய்தியல்ல. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள், கூட்டைக் கண்டால் கையை வீசாமல் பின்வாங்குங்கள். தோட்டத்தை அடுத்த மானாவில் சிறுத்தை படுத்திருப்பதும் உண்டு. பேசிக்கொண்டு, சத்தம் கேட்கும்படி போனால் அது தானாக விலகிவிடும். இலை ஓரம் கையைக் கீறும், முழுக்கைச் சட்டை போடுங்கள். ஈரமான பக்கங்களில் அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ.

படம் எடுத்து அனுப்பினால் போதுமா? என்னென்ன எடுக்க வேண்டும்?

போதும், சரியான படமாக இருந்தால். எனக்கு வரும் படங்களில் பெரும்பாலானவை தூரத்துப் பச்சை. தேவையானவை இவை: கொத்து முழுதாக, அதன் பக்கத்தில் ஓர் ஆளோ குடையோ நிற்கும்படி, அடிப்பகுதி, உறையைப் பிரித்த உள்பக்கத்தோடு, இலையும் உறையும் சேரும் இடம், அங்கே இலைநா என்ற சிறு தோல் எப்படி இருக்கிறது என்று தெரியும்படி, கதிர், கறுப்புத் துணியோ தொப்பியோ பின்னால் பிடித்து. கூடவே இடத்தின் பெயர், உயரம், சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, எரிந்த தடயம் உண்டா என்று இரண்டு வரி.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் மரத்துக்கும் பூவுக்கும் நன்றாக உதவும். புல்லில் சாதி வரை போவதே பெரிய காரியம். செயலி சொல்லும் பெயரைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு மேலே சொன்ன அடையாளங்களோடு ஒப்பிடுங்கள்.

படத்தால் முடியாதபோது மாதிரி தேவை. அடிக்கொத்தின் ஒரு பகுதி, இலை, கதிர் மூன்றும் சேர்ந்த ஒரு தண்டை எடுத்து, நீளமாக இருந்தால் ஆங்கில ‘V’ போல மடித்து, பத்திரிகைத்தாளுக்குள் வைத்துப் பாரம் ஏற்றுங்கள். முதல் சில நாட்கள் தாளைத் தினமும் மாற்றாவிட்டால் நம் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். இலங்கையின் தேசிய உலர்தாவரகம் பேராதனைப் பூங்காவில் இருக்கிறது. முதலில் தொடர்புகொண்டு கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள். கதிரில்லாத கட்டைக் கொண்டுபோனால் அவர்களுக்கும் வேலை கூடும்.

எங்கே வேண்டுமானாலும் பிடுங்கலாமா?

கூடாது. ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. சிவனொளிபாதமலையைச் சுற்றிய சிகர வனத்தோடும் நக்கிள்ஸோடும் சேர்த்து 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. 1937இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அங்கே ஒரு புல்லையும் அனுமதியில்லாமல் எடுக்க விடாது. நக்கிள்ஸுக்கு வனத் திணைக்களத்தைக் கேளுங்கள், தோட்டக் காணிக்குத் தோட்ட நிர்வாகத்தை. ரோட்டோர மானாவில் ஒரு தண்டு எடுத்தால் யாரும் கேட்கப் போவதில்லை. பழகுவதற்கு அதுவே தாராளம்.

வீட்டுக்குப் பின் சரிவில் மானா மண்டிக் கிடக்கிறது. வேரோடு எடுத்துவிடலாமா?

சரிவு செங்குத்தாக இருந்தால் எடுக்க வேண்டாம், மழைக்காலம் நெருங்கும்போது அறவே வேண்டாம். சுவரை ஒட்டிய ஆறேழு அடியைத் தரையோடு அரிவாளால் அறுத்து விடுங்கள். பாம்புக்கும் நெருப்புக்கும் உள்ள பயம் தீரும். அறுத்ததைக் கத்தரி, பீன்ஸ் பாத்திகளுக்கு மூடாக்காகப் போடலாம். கதிர் முற்றுமுன் அறுத்தால் பாத்தியில் விதை விழாது. மழைக்காலத்தில் சரிவில் வெடிப்புத் தெரிந்தாலோ, சேற்றுநீர் புதிதாக ஊறினாலோ, புல்லைப் பற்றி யோசிக்காமல் வீட்டாரோடு இறங்கிப் போய்க் கிராம சேவகருக்குச் சொல்லுங்கள்.